கல்லெழுத்து வாசிக்கும் வேலைக்கு வழி எது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களுள் நான்கு கல்வெட்டு, தொல்லியல் என்ற ஒரே துறையைப் பற்றியவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் உழைத்த துறையும் அதுவே என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த நான்குக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது இருபத்தைந்து. தமிழில் முதுகலை முடித்துவிட்டு, ஊருக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிலத்து வரப்போரம் புளியமரத்தடியில், வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடும் கல் ஒன்று உண்டு. வில் பிடித்த வீரன் உருவத்துக்கு மேலே நான்கைந்து வரிகள் இருப்பதைச் சிறு வயதிலேயே விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். முதுகலையில் கல்வெட்டியல் தாளைப் படித்தபோதுதான் அது வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து வகை என்று தெரிந்தது. அன்றிலிருந்து கல்வெட்டு ஆய்வாளராக வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. முதல் ஆண்டில் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டில் தொல்லியல் துறையில் வேலை, ஐந்தாம் ஆண்டுக்குள் முனைவர் பட்டம் என்று ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டிலோ பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். என் திட்டம் சரியா? பி.எட். படித்தால் கனவைக் கைவிட்டதாக ஆகிவிடாதா?
— வாசகி, செங்கம் வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். செங்கம் பகுதியில் பிறந்து வட்டெழுத்தின்மீது ஆசை கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் உங்கள் பகுதி நடுகற்களைத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்கப் போய் உயிர் விட்டவர்களின் பெயரும் ஊரும் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில் இறந்தார்கள் என்பதும் அந்தக் கற்களில் இருக்கின்றன. எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயின் பெயரும் வீரனின் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு நிலைத்து நிற்கும் மண்ணிலிருந்து எழுதுகிறீர்கள்.

முதலில் உங்கள் திட்டத்தைப் பற்றி. அதில் உள்ள குறை, உங்கள் கையில் இல்லாதவற்றுக்கு ஆண்டு குறித்திருப்பதுதான். துறையில் பணியிடம் எப்போது காலியாகும், எப்போது அறிவிக்கை வரும் என்பது உங்களால் தீர்மானிக்கக் கூடியதல்ல. கல்வெட்டுப் பணியிடங்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஓர் அறிவிக்கைக்கும் அடுத்த அறிவிக்கைக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. ‘இரண்டாம் ஆண்டில் வேலை’ என்று எழுதி வைத்தவர், இரண்டாம் ஆண்டு முடியும்போது வேலை கிடைக்காவிட்டால் தான் தோற்றுவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். அப்படி மனம் சோர்ந்து விலகிப் போன நல்ல மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுள் சிலர் விலகிய மறு ஆண்டிலேயே அறிவிக்கை வந்தது. ஆகவே ஆண்டுகளுக்கு எதிரே பதவியை எழுதாமல், அந்த ஆண்டு முடிவில் உங்களால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்பதை எழுதுங்கள். ‘முதல் ஆண்டு முடிவில் சோழர் காலத் தமிழ் எழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பேன்’ என்பது உங்கள் கையில் உள்ள காரியம். அதை யாரும் தள்ளிவைக்க முடியாது.

எழுத்துகளைக் கற்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். கீழடிச் செய்திகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தின் பக்கம் போகிறார்கள். குகைத்தளங்களில் உள்ள தமிழிக் கல்வெட்டுகள் நூற்றைச் சுற்றியே இருக்கும். அவற்றுள் பெரும்பாலானவற்றை வல்லுநர் பலர் பலமுறை வாசித்துவிட்டார்கள். கோயில் சுவர்களில் இருப்பவையோ ஆயிரக்கணக்கானவை. எனவே பத்தாம் நூற்றாண்டுக்குப் பிந்திய சோழர் காலத் தமிழெழுத்தில் தொடங்குங்கள். அது இன்றைய எழுத்துக்கு நெருங்கிய உறவு என்பதால் சில வாரங்களில் கண்ணுக்குப் பழகிவிடும். அதன்பின், வடமொழிச் சொற்களை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தைப் பழகுங்கள், ஏனெனில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்ற முதல் சொல்லிலேயே அது வந்து நிற்கும். மூன்றாவதாக வட்டெழுத்து, கடைசியாகத் தமிழி. உங்கள் வேடியப்பன் கல்லை இன்றே வாசித்துவிட வேண்டும் என்ற துடிப்பு இருக்கும்; ஒன்றரை ஆண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பழகுவதற்கு எங்கும் போக வேண்டியதில்லை. ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1886-இல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளராக அமர்த்தப்பட்டார். 1890-இல் அவர் தொடங்கி வைத்த தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அடங்கிய இரண்டாம் தொகுதியை எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு கல்வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தால் கல்லின் படத்தை முதலில் நீங்களே வாசித்து எழுதிவிட்டு, அதன் பிறகு அச்சில் உள்ள பாடத்தோடு ஒப்பிடுங்கள். அச்சுப் பாடத்தை முன்னே வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், இல்லாத எழுத்தையும் கண் கண்டுவிடும். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும் இராசராசனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைச் சொல்லும் பகுதி) மனப்பாடமாகிவிட்டால், முன்பின் தெரியாத ஊரில் சிதைந்த கல்லில் நான்கு எழுத்து தெரிந்தாலும் மீதியை ஊகிக்கலாம். மெய்க்கீர்த்தி வழக்கத்துக்கு வராத முந்திய காலத்தில் வெறும் ‘கோப்பரகேசரி’ என்றோ ‘கோராசகேசரி’ என்றோதான் இருக்கும். அந்தப் பட்டங்களைச் சோழ மன்னர்கள் மாறி மாறித் தரித்தார்கள் என்பதால் எழுத்தின் வடிவத்தை வைத்தே காலம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கண் ஒரு தேர்வுக்காக மூன்று மாதம் விழித்துப் படிப்பதால் வராது. வாரம் ஒரு கல்வெட்டு என்றால் இரண்டு ஆண்டில் நூறு ஆகும். நூறாவது கல்வெட்டை வாசிக்கும்போது உங்களுக்கே வேறுபாடு தெரியும்.

இதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதற்கு என் சொந்தப் பிழையைச் சொல்கிறேன். பழைய கல்வெட்டுகளில் புள்ளி இடுவது அரிது. எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். பணியில் சேர்ந்த புதிதில், முதல் முகாமில், ஒரு நிலக்கொடையில் வந்த ‘மா’ என்ற நில அளவை ‘மர’ என்று வாசித்து, கொடையாளி கோயிலுக்கு மரங்கள் கொடுத்ததாகக் களக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். என்னை வழிநடத்திய மூத்தவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் என்னை மறுபடி அந்தச் சுவர் அருகே அழைத்துப் போய், மாலை வெயில் சாய்ந்து எழுத்துகளுக்குள் நிழல் விழும்வரை நிற்க வைத்தார். அப்போதுதான் அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘நிலம்’ என்ற சொல் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வரியின் பொருளை அதன் அடுத்த வரியிடம் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதையும், உச்சி வெயிலில் கல்வெட்டு வாசிக்கக் கூடாது என்பதையும் அந்த ஒரு மாலையில் கற்றேன்.

இனிப் படிப்பு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1961-இல் தொடங்கப்பட்டது. அத்துறையின்கீழ் 1974 முதல் சென்னையில் இயங்கி வரும் நிறுவனத்தில் கல்வெட்டியலும் தொல்லியலும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பு உதவித்தொகையோடு நடத்தப்படுகிறது. அங்கே வகுப்போடு களப்பயிற்சியும் உண்டு என்பதால் உங்களுக்கு முதல் வாயில் அதுதான். இடங்கள் குறைவு, ஒருமுறை கிடைக்காவிட்டால் மறுமுறையும் விண்ணப்பியுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை இன்னொரு வாயில். மத்திய அரசின் தொல்லியல் பரப்பாய்வுத் துறைக்கு மைசூரில் கல்வெட்டுப் பிரிவின் தலைமையகமும் சென்னையில் ஒரு கிளையும் இருக்கின்றன. அதன் உயர் பணியிடங்கள் சிலவற்றுக்கு மத்தியத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள். மாநில, மத்திய அரசுகள் இந்தப் பணிகளுக்கு முன்பு வெளியிட்ட அறிவிக்கைகளுள் மூன்று நான்கைத் தேடி எடுங்கள். அவற்றில் கேட்டிருக்கும் தகுதிகளை ஒரு பக்கத்திலும், உங்களிடம் இருப்பவற்றை எதிர்ப்பக்கத்திலும் வரி வரியாக எழுதுங்கள். எந்த மொழி, எந்தப் பட்டயம், எத்தனை ஆண்டுக் கள அனுபவம் என்று எதிர்ப்பக்கத்தில் வெறுமையாக நிற்கும் வரிகள்தான் உங்கள் உண்மையான திட்டம். வயது வரம்பையும் மறக்காமல் பாருங்கள். உங்கள் பிரிவுக்கு அது எந்த ஆண்டு முடிகிறது என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்த ஒரு கணக்கைப் போடாமல் இருந்துவிட்டு, தகுதி முழுதும் வந்த பிறகு வயதால் வாய்ப்பை இழந்தவர்களின் வருத்தம் பெரியது.

பி.எட். பற்றிக் கேட்டீர்கள். படியுங்கள் என்றே சொல்வேன். உங்கள் பெற்றோர் கேட்பது உங்கள் கனவை விடச் சொல்லி அல்ல. நீங்கள் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆசிரியர் வேலையில் மாலை நேரம் இருக்கிறது, கோடை விடுமுறை இருக்கிறது, ஊரில் மதிப்பும் இருக்கிறது. கோயில் திருப்பணிக் குழுவிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ‘ஆசிரியை வந்திருக்கிறேன், இந்தக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும்’ என்று சொன்னால் கதவு திறக்கும். உண்மையில், தமிழ்நாட்டில் புதிய கல்வெட்டுகளையும் நடுகற்களையும் கண்டறிந்து சொன்னவர்களுள் பள்ளி ஆசிரியர்கள் கணிசமானவர்கள். நான் வேண்டாம் என்பது, நாளின் பதினான்கு மணி நேரத்தைத் தின்று ஞாயிற்றுக்கிழமையையும் விடாத வேலைகளைத்தான். சம்பளம் எவ்வளவானாலும் அவை உங்கள் கண்ணைப் பழகவிடா.

அதே சமயம் வீட்டாரிடம் இந்தப் பணியின் சிரமங்களையும் மறைக்காதீர்கள். கல்லெழுத்தை மையால் தாளில் பதித்தெடுக்கும் மைப்படி வேலையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். சாரத்தில் ஏறி நின்று, கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீர் விட்டு மென்மையாகத் துலக்க வேண்டும். நனைத்த தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்டி, எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் சீராகத் தட்ட வேண்டும். ஈரம் அரைகுறையாகக் காய்ந்திருக்கும் அந்தச் சரியான நேரத்தில் மை ஒற்ற வேண்டும். முந்தினால் மை ஊறிப் பரவும். பிந்தினால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். காற்றடித்துத் தாள் கிழிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முகாம் என்றால் பத்து நாள், இருபது நாள் வெளியூரில் தங்கல். கழிவறை வசதியில்லாத இடங்களில் பெண் ஆய்வாளர்கள் பட்ட துன்பத்தை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன். இதைச் சொல்வது உங்களைத் தடுக்க அல்ல. அப்பா அம்மாவிடம் முதலிலேயே சொல்லி வைத்தால், பிற்பாடு முகாமுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது.

கடைசியாக, உங்கள் வேடியப்பன். அந்தக் கல் 1972 நூலில் இடம்பெற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வீட்டாரிடமும் பங்காளிகளிடமும் சொல்லி ஒப்புதல் பெற்று, மஞ்சளையும் எண்ணெயையும் வெறும் நீராலும் மென்மையான தூரிகையாலும் மட்டும் நீக்குங்கள். அமிலமோ கம்பித் தூரிகையோ கூடவே கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் அதன்மேல் எழுதவும் கூடாது. நீளம், அகலம், எழுத்தின் உயரம், கல் நோக்கும் திசை ஆகியவற்றை அளந்து குறியுங்கள். காலையிலும் மாலையிலும் சாய்வெளிச்சத்தில் படமெடுங்கள். தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டு வரும் ‘ஆவணம்’ இதழில் இத்தகைய புதிய கண்டுபிடிப்புகள் வெளியாகின்றன. வட்டெழுத்தில் பயிற்சி வந்தபின் உங்கள் வாசிப்பை மூத்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டு அதற்கு அனுப்புங்கள். நேர்காணலில் எதிரே அமரும் அறிஞருக்கு, நீங்கள் பட்டயத்தோடு ஒரு கல்லையும் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது புரியும்.

கேள்வி: ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவில் படிக்கிறேன். பள்ளியில் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அதிலிருந்து தொல்லியல் அறிஞராக ஆசை. ஆனால் வரலாற்றுப் பாடமே நான் எடுக்கவில்லையே, தவறு செய்துவிட்டேனா?
— மாணவன், சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி, தவறு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. கீழடியின் காலத்தை எப்படிச் சொன்னார்கள் என்று நினைத்துப் பார். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து, கி.மு. 580 என்ற காலத்தைப் பெற்றார்கள். 2019-இல் அது அறிவிக்கப்பட்டது. அந்த அளவீடு இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தது. பானையின் மண் எந்த ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது என்று சொல்ல நிலவியல் வேண்டும். அடுப்புச் சாம்பலில் கிடந்த கருகிய நெல்மணியை இனங்காணத் தாவரவியல் வேண்டும். இந்த வேலைகளைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு.

நீ நிலவியலிலோ வேதியியலிலோ பட்டம் பெற்றுப் பின் தொல்லியலில் முதுகலை படிக்கலாம். வரலாற்றில் நேரடியாகவும் போகலாம். முதுகலைக்குப் பிறகு, கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் நிறுவனத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. எந்த இளங்கலையில் சேர்வதாக இருந்தாலும், அந்தப் பட்டத்தோடு தொல்லியல் முதுகலையில் சேர்த்துக்கொள்கிறார்களா என்பதை நீ படிக்க விரும்பும் பல்கலைக்கழகத்தில் இப்போதே கேட்டுவிடு. கல்லூரி முடிந்தபிறகு கேட்டால் மூன்று ஆண்டு போய்விட்டிருக்கும்.

எந்த வழியில் போனாலும் ஒன்றை விடாதே: ஒரு பழைய மொழியை நன்றாகக் கற்றுக்கொள். கீழடிப் பானை ஓட்டில் ‘ஆதன்’ என்ற பெயரைப் படித்ததும் உனக்கு உடல் சிலிர்த்திருக்கும். சங்க இலக்கியத்தில் ஆதன் என்ற பெயர் எங்கெங்கே வருகிறது என்று தெரிந்தவனுக்கு அந்தச் சிலிர்ப்பு இன்னும் ஆழமானதாக இருக்கும். ஆய்வுக் கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கும். இன்னொன்று, இன்றிலிருந்தே நாட்குறிப்பு எழுதிப் பழகு. அகழாய்வுக் குழியில் மண்ணின் நிறம் மாறிய ஆழம், அன்று கிடைத்த பொருள், அது கிடந்த நிலை ஆகியவற்றை அன்றன்றே எழுதாவிட்டால், மறுநாள் அந்த மண் அங்கே இருக்காது. தோண்டிய மண்ணை மறுபடி தோண்ட முடியாது, தம்பி.

கேள்வி: என் மகள் மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கல்வெட்டியல் படிக்கப் போவதாகச் சொல்லி ராஜினாமா செய்ய இருக்கிறாள். நல்ல சம்பளத்தை விடுகிறாளே என்று எங்களுக்கு உறக்கமில்லை. இந்தத் துறையில் பிழைப்பு நடக்குமா?
— தந்தை, கோயம்புத்தூர்

பதில்: ஐயா, உங்கள் கவலை நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளிப்படையாகச் சொல்கிறேன்: தொடக்க ஆண்டுகளில் உங்கள் மகளுக்கு இப்போதைய சம்பளம் இங்கே கிடைக்காது. பல வேலைகள் ஒரு திட்டக் காலத்துக்கு மட்டுமான ஒப்பந்தப் பணிகளாகவே இருக்கும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். முனைவர் பட்டக் காலத்தை அதைக்கொண்டு கடக்கலாம். ஆகவே அந்தத் தேர்வை வேலையில் இருந்துகொண்டே எழுதச் சொல்லுங்கள்.

ராஜினாமாவுக்கு முன் இன்னொன்றும் செய்யச் சொல்லுங்கள். பத்து நாள் விடுப்பு எடுத்து, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தின் களப்பயிற்சியிலோ, ஆய்வாளர் ஒருவரின் கள வேலையிலோ உடனிருந்து வரட்டும். வேலையில் ஏற்பட்ட அலுப்பு சில சமயம் இன்னொரு துறையின் மீதான ஆசையாகத் தோற்றம் தரும். பத்து நாள் வெயிலில் நின்றால் இரண்டும் பிரிந்துவிடும். திரும்பி வந்தபின்னும் அவள் அதே உறுதியோடு இருந்தால், தயவுசெய்து துணை நில்லுங்கள்.

அவள் கற்ற தொழில் வீணாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். எங்கள் தலைமுறை அட்டைகளில் எழுதி நூற்கட்டிப் பெட்டிகளில் வைத்த தரவுகள் மலையளவு இருக்கின்றன. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு முதலியோர் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978-இல் வெளியிட்டார்கள். யார் நிலம் வைத்திருந்தார்கள், யார் அதிகாரியானார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் விடைகள் வந்தன. இன்று அதே வேலையைப் பல்லாயிரம் கல்வெட்டுகளுக்கும் விரிக்க, எழுத்தும் தெரிந்து கணினியும் தெரிந்த ஆள் வேண்டும். தேய்ந்த கல்லைப் பல கோணங்களில் ஒளியிட்டுப் படமெடுத்து முப்பரிமாணமாகப் பார்க்கும் முறையும் பரவி வருகிறது. இரண்டையும் அறிந்தவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எழுத்தை முதலில் கற்கட்டும். கருவி தெரிந்து கல் தெரியாதவர்களால் செய்யப்பட்ட தரவுத்தளங்களில் ‘மா’ எல்லாம் ‘மர’ ஆகிக் கிடப்பதைப் பார்த்து நான் வேதனைப்பட்டிருக்கிறேன்.

கேள்வி: வங்கி ஊழியன். வயது நாற்பத்தேழு. இளமையில் கல்வெட்டாய்வாளர் ஆக ஆசைப்பட்டுக் குடும்பச் சூழலால் முடியாமல் போனது. இனித் தொடங்கிப் பயன் உண்டா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பணியிடம் என்று கேட்டால், அந்த வாசல் மூடிவிட்டது. வேலை என்று கேட்டால், திறந்தே இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்தவர். 1954-இல் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தவர். தொல்லியல் துறையில் ஒரு நாளும் ஊழியராக இருந்ததில்லை. அரசு அலுவலுக்கு இடையே 1960களில் மலைக் குகைகளுக்கு ஏறி இறங்கித் தமிழிக் கல்வெட்டுகளைப் படி எடுத்தார். கரூருக்கு அருகே புகளூரில் சேர அரசர்களின் பெயர்களைச் சரியாக வாசித்துக் காட்டினார். 1990களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அதே குகைகளுக்கு மறுபடியும் போய்ப் பழைய வாசிப்புகளைச் சரிபார்த்தார். அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003-இல். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். உங்களுக்கு நாற்பத்தேழுதான்.

நீங்கள் இருப்பது கும்பகோணத்தில். ஊருக்குள்ளேயே நாகேசுவரன் கோயில் இருக்கிறது. முற்காலச் சோழர் பணி. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு குறிப்பேடும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய், சுவரில் வெயில் சாய்வாக விழும் இடத்தில் ஏதேனும் ஒரு வரியின் முன் நில்லுங்கள். பொருள் விளங்க வேண்டும் என்று முயல வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டும், தெரிந்த வடிவிலேயே, பத்து எழுத்துகள் வரைந்துகொள்ளுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்த ஞாயிறு அதே வரிக்குத் திரும்பிப் போங்கள்.